தூண்டில்காரருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்

இஸ்தான்புல்லின் கலாத்தா பாலத்தில் தூண்டில் போட்டு நிற்பவர்களைக் கடந்து போகும் உள்ளூர்க்காரர்கள் சிலர், நடையை நிறுத்தாமலே ‘ராஸ்த்கெலெ’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மீன்பிடிக்கிறவருக்கும் வேட்டைக்குப் போகிறவருக்கும் துருக்கியர் சொல்லும் வாழ்த்து அது. ‘நல்லா மாட்டட்டும்’ என்று நாம் சொல்வது போல. அதே சொல்லுக்குத் ‘தற்செயலாக’, ‘அகப்பட்டபடி’ என்றும் பொருள் உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் படமெடுக்கக் கிளம்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்தை நான் கேட்டதில்லை.

இந்த அத்தியாயம், எடுக்க வேண்டியவை என்று போட்டுவைத்த பட்டியலில் இல்லாத படங்களைப் பற்றியது. ஹாகியா சோபியா 537-ஆம் ஆண்டிலிருந்து அதே இடத்தில் நிற்கிறது. நாளைக்குப் போனாலும் இருக்கும். அதன் வாசலில் திடீர் மழைக்கு ஒதுங்கி, ஒரே குடைக்குள் மூன்று பேர் முண்டிக்கொண்டு சிரிப்பது பத்து நொடிக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து நொடியை நம்மால் வரவழைக்க முடியாது. அது வரக்கூடிய இடத்தில் நிற்பதும், வரும்போது கேமரா தயாராக இருப்பதும் நம்மால் முடியும். இஸ்தான்புல்லை வைத்தே சொல்கிறேன், இதையெல்லாம் நான் கற்றுக்கொண்ட ஊர் அதுதான் என்பதால். மற்ற ஊர்களுக்கு நீங்களே மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

கலாத்தா பாலம் இரண்டு அடுக்கு. இப்போதிருக்கும் பாலம் 1994-இல் வந்தது. மேலே சாலையும் டிராமும் நடைபாதையும். கீழே தண்ணீரை ஒட்டிய மாதிரி வரிசையாக மீன் உணவகங்கள். மேலே கைப்பிடிக் கம்பியை ஒட்டிக் காலையிலிருந்து இரவுவரை தூண்டில்காரர்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் விரல் நீள மீன்கள். வாளிகளுக்கு நடுவே டீ விற்பவர் நுழைந்து நுழைந்து வருவார். கொஞ்சம் தள்ளி ஒரு பூனை, எந்த வாளியையும் பார்க்காதது போல உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் அந்தப் பூனைதான் எனக்குப் பாடம் சொன்னது. ஒரு பெரியவரின் வாளிக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் நின்று ஏழெட்டுப் படம் எடுத்தேன். பிறகு தலையைக் குனிந்து, எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது, பூனை வாயில் மீனோடு டிராம் பாதையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கையை ஓங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அந்தச் சிரிப்பின் கடைசித் துணுக்கை மட்டும். அன்றைக்கு இரவு ஓட்டலில் உட்கார்ந்து அந்த ஏழெட்டுப் படங்களையும் பார்த்தேன். ஒன்றுகூட வைத்துக்கொள்ளத் தக்கதாக இல்லை.

எனவே முதல் பழக்கம்: தெருவில் நிற்கும்வரை திரையைப் பார்க்காதீர்கள். படம் எடுத்ததும் தானாகத் திரையில் வந்து நிற்கும் வசதியைப் பெரும்பாலான கேமராக்களில் அணைத்து வைக்கலாம். வெளிச்சம் சரியா என்று முதல் படத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். சரிபார்ப்பதும் அழிப்பதும் ராத்திரி வேலை.

மறுநாள் அதே பாலத்துக்குப் போனேன், இந்தத் தடவை கீழ்த்தளத்துக்கு. கம்பியோரம் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். மேலே நிற்பவர்களின் தூண்டில் நரம்புகள் எல்லாம் உணவக மேசைகளுக்கு முன்னால் மழைக் கம்பிகள் போலத் தொங்கும். யாரோ சுண்டி இழுக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் கண்முன்னே மீன்கள் துடித்துக்கொண்டு மேலே போகும். நான் முதலில் அந்த மீனைத்தான் குறிவைத்தேன். எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத் தண்ணீருக்கு முன்னால் ஒரு வெள்ளிக் கீற்று, அவ்வளவுதான். பக்கத்து மேசையில் நாலைந்து வயதுப் பையன் ஒருவன் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மீன் ஏறும்போதும் அவன் கழுத்து அதோடு சேர்ந்து மெல்ல நிமிர்ந்தது. வாயில் வைத்த ரொட்டித் துண்டு அப்படியே நின்றது. நான் அவன் அப்பாவைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிக் காட்டினேன், அவர் தலையசைத்தார். அடுத்த மீனுக்காகக் காத்திருந்தேன். பதினைந்து நிமிடம் எதுவும் வரவில்லை. டீ ஆறிப்போனது. வந்தபோது, படத்தின் ஓரத்தில் மீன், நடுவில் அந்த முகம். அந்தப் பயணம் முழுவதிலும் நான் சட்டம் போட்டு மாட்டியது அந்த ஒரு படம்தான்.

எங்கே எது நடந்தாலும், நடப்பதை ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பி, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். வாணவேடிக்கையைவிட அதை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில் அதிகம் கிடைக்கும். நம் ஊர்த் தேரோட்டத்தில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வெளிநாட்டுக்குப் போனதும் கட்டடங்களின் பிரமிப்பில் அதை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது நேரம். குழுச் சுற்றுலாவில் போகிறவர்கள் ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் எதிர்பாராதது எதுவும் நடக்காது, ஏனென்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்பதே அதற்குள் நமக்குப் பிடிபட்டிருக்காது. டீக்காரர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், வெயில் எந்தச் சுவரில் இறங்குகிறது, பூனை எந்த வாளியை நோட்டம் விடுகிறது என்பதெல்லாம் தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும். வழக்கம் தெரிந்த பிறகுதான் அது மீறப்படும் கணம் கண்ணில் படும். குழுவோடு போகிறீர்களா? விடியற்காலையில், காலை உணவுக்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம் உங்களுடையது. அதை ஒரே ஒரு இடத்துக்குக் கொடுங்கள். அடுத்த நாளும் அதே இடத்துக்குப் போங்கள். தனியாகப் போகிறவர்கள் மூன்று நாளுக்கு ஒரு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவைப்பது நல்லது.

கேமரா தயாராக இருப்பது என்றால் என்ன? பைக்குள் இருக்கும் கேமரா தயாராக இல்லை. லென்ஸ் மூடியோடு கழுத்தில் தொங்குவதும் தயாராக இல்லை. வாரை மணிக்கட்டில் சுற்றிக் கையிலேயே வைத்திருங்கள். தெருவில் நடக்கும்போது ஷட்டர் வேகம் 1/250-க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ தானாக 6400 வரை ஏறிக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கலங்கிப்போன முகத்தை எதுவும் காப்பாற்றாது.

வெளிச்சம் தாராளமாக இருக்கும் பகலில் இன்னொரு முறை உண்டு. பழைய பத்திரிகைப் படக்காரர்கள் பலர் செய்தது. முழுஅளவு சென்சார் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டரில் கையால் நிறுத்தியது. இப்படி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை இருக்கும் எல்லாம் தெளிவாக விழும். கேமரா எதன்மேல் ஃபோகஸ் செய்வது என்று தேடும் அரை நொடி மிச்சம். அந்த அரை நொடியில்தான் பூனை ஓடுகிறது. இதற்குத் தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரிய வேண்டும். ஊரிலேயே பழகுங்கள்: உங்கள் வீட்டு வாசலிலிருந்து 3 மீட்டர் எதுவரை என்று டேப் வைத்து அளந்து பார்த்து, பிறகு தெருவில் போகும் போதெல்லாம் மனதுக்குள் அளந்துகொண்டே போங்கள்.

கைப்பேசிக்காரர்கள் இதையெல்லாம் தாண்டிப் போய்விட வேண்டாம். பூட்டைத் திறக்காமலே கேமராவைத் திறக்கும் குறுக்குவழி உங்கள் கைப்பேசியில் எது என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் போதும். அதைப் பார்க்காமல் செய்யும் அளவுக்கு விரல் பழக வேண்டும். லென்ஸை வேட்டி நுனியிலோ துப்பட்டாவிலோ துடைத்துக்கொள்ளுங்கள்; கைரேகை படிந்த லென்ஸ் விளக்குகளை எல்லாம் மூட்டமாக்கிவிடும். விரல்களால் விரித்து ஜூம் செய்வதைவிட இரண்டடி முன்னால் போவது மேல்.

ஒளியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே உதித்து ஆறு மணிக்கே மறையும் சூரியனோடு வளர்ந்தவர்கள் நாம். மறைந்ததும் மளமளவென்று இருட்டிவிடும். இஸ்தான்புல் வடக்கே 41-ஆம் பாகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 8.40 ஆகிவிடும், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காலை 8.20-க்கு மேல்தான் உதிக்கும், மாலை 5.40-க்குள் மறைந்துவிடும். அந்த நாட்களில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 26 டிகிரிக்கு மேல் ஏறாது. நம் ஊரில் மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் சாய்வெயில் அங்கே குளிர்காலத்தில் பகல் முழுவதும் கிடைக்கும். நீண்ட நிழல்களோடு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் படமெடுக்கலாம். சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரம் வானத்தில் நீலம் தங்கும். கூட்டம் கலைந்து போகும் அந்த நேரத்தில் நீங்கள் கலைந்து போகாதீர்கள்.

இந்த ஒளியைப் பார்க்க நல்ல இடம் படகு. பாலத்தை ஒட்டிய எமினோனு துறையிலிருந்து ஆசியக் கரையில் இருக்கும் காதிக்கோய்க்கு, மக்கள் வேலைக்குப் போய்வரும் படகு ஓடுகிறது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். சுற்றுலாப் படகுக்குப் பணம் கட்டாமல் இதில் ஏறுங்கள். மாலையில், எமினோனுவிலிருந்து போகும்போது, படகின் பின்புறத் திறந்த தளத்துக்குப் போய்விடுங்கள். பழைய நகரத்தின் குவிமாடங்களும் ஊசிக் கோபுரங்களும் மேற்கு வானத்துக்கு முன்னால் கருநிழலாக விலகிக்கொண்டே போகும். கடற்புறாக்கள் படகின் கூடவே பறந்து வரும். பயணிகள் ‘சிமித்’ என்னும் எள் தூவிய வளைய ரொட்டியைப் பிட்டு வீசுவார்கள். பறவைகள் அந்தரத்தில் கவ்வும். இறக்கை தெளிவாக வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/1600-க்கு ஏற்றுங்கள். ஆனால் பறவையை மட்டும் துரத்தாதீர்கள். கையை நீட்டி நிற்கிறவரை முதலில் கட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, பறவை உள்ளே வரும்வரை காத்திருங்கள். மேடை போட்டுவிட்டு நடிகருக்காகக் காத்திருப்பது போலத்தான் இது.

இந்த ஊரை வாழ்நாள் முழுவதும் படமெடுத்தவர் ஆரா கியூலர். இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் 1928-இல் பிறந்தவர், 2018-இல் இறந்தார். ‘இஸ்தான்புல்லின் கண்’ என்று அவரை அழைத்தார்கள். ஐம்பதுகளின் மீனவர்களையும் பனியில் போகும் டிராம்களையும் நீராவிப் படகுகளின் புகையையும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்காமல் இஸ்தான்புல்லுக்குப் போகாதீர்கள். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அவர் ஊருக்கு வெளியே எடுத்த படங்களைப் பற்றி.

1958-இல் மேற்கு அனத்தோலியாவில் கெமெர் அணையின் திறப்பு விழாவைப் படமெடுக்க ஒரு பத்திரிகை அவரை அனுப்பியது. திரும்பும்போது இருட்டில் ஓட்டுநர் வழி தவறிவிட்டார். போய்ச் சேர்ந்தது கெய்ரெ என்ற கிராமம். அங்கே ஒரு காப்பிக் கடையில், ரோமானியர் காலத்துத் தூண் ஒன்றின் செதுக்கிய தலைப்பகுதியை மேசையாக்கிச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஊரே அப்படி இருந்தது. வீட்டுச் சுவர்களில் சிற்பங்கள், முற்றங்களில் தூண்கள், பழைய கல் சவப்பெட்டிகள் தொட்டியாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. அஃப்ரோதீசியாஸ் என்ற பழைய நகரத்தின் மேலேயே அந்த ஊர் வாழ்ந்துகொண்டிருந்தது. கியூலர் எடுத்த படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் போயின. 1961-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கெனான் எரிம் தலைமையில் அங்கே பெரிய அகழாய்வு தொடங்கியது. 2017-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

வழி தவறியது ஓட்டுநர் செய்தது. கியூலர் செய்ததை மட்டும் பாருங்கள். எடுக்க வேண்டிய வேலை முடிந்திருந்தது, களைப்பு, இருட்டு. வண்டிக்குள் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பியிருக்கலாம். அவர் காப்பிக் கடைக்குள் போனார், மேசை என்ன கல் என்று பார்த்தார், விடியும்வரை இருந்தார், ஃபிலிமை மிச்சம் வைத்திருந்தார். திட்டம் கெட்டுப்போன நேரத்தில் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் கேமராவை உள்ளே வைப்பதுதான். எரிச்சலோடு படமெடுக்க வராது. அந்த எரிச்சலைத் தாண்டுவதற்கு நான் கண்ட ஒரே வழி, உடனே ஏதாவது ஒரு படம் எடுத்துவிடுவது. எதுவானாலும் சரி. கண் திறந்துகொள்ளும்.

துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் இப்படித் திட்டம் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கும். வெப்பக் காற்றுப் பலூனில் ஏறவே நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே போகிறார்கள். காற்று பலமாக இருந்தால் அதிகாரிகள் பலூன்களைப் பறக்கவிட மாட்டார்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து குளிரில் நின்று, ‘இன்று இல்லை’ என்ற செய்தியோடு எல்லோரும் போர்வைக்குள் திரும்புவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். எப்படியும் விழித்தாகிவிட்டது. கோரெமெ ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில், எரிமலைச் சாம்பல் இறுகிய அந்தக் கூம்புப் பாறைகளில் முதல் வெயில் படும்போது மனித நடமாட்டமே இருக்காது. பலூன் கிளம்பும் நாளாக இருந்தால், வானத்தில் பறப்பதைவிடத் தரையில் ஊதுவதை எடுங்கள். இருட்டில் தீ உமிழும்போது துணி முழுவதும் உள்ளிருந்து ஒளிரும். கயிற்றை இழுத்துப் பிடிப்பவர்களின் முகங்களும் ஒரு நொடி தெரியும்.

மனிதர்களைப் படமெடுப்பது பற்றி. துருக்கியிலும் நம்மைப் போலவே முன்பின் தெரியாதவரை உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணன் வயதுக்காரர் ‘ஆபி’, பெரியவர் என்றால் ‘அம்ஜா’, அக்கா வயதென்றால் ‘ஆப்லா’, வயதான அம்மா என்றால் ‘தெய்ஸெ’. வேலை செய்துகொண்டிருப்பவரிடம் ‘கொலாய் கெல்சின்’ என்று சொல்லலாம். வேலை சுலபமாகட்டும் என்று அர்த்தம். நான் ‘கொலாய் கெல்சின், அம்ஜா’ என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் முகம் மலர்ந்தது, பல இடங்களில் டீயும் வந்தது. பேசிவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பார்கள். முதல் இரண்டு படத்தில் போகும். பத்து நிமிடம் கூடவே நின்றால் அவர் உங்களை மறந்து வேலைக்குத் திரும்பிவிடுவார். பெரியவர் வாளிக்குள் கையை விட்டு மீனை எண்ணுவது அப்போதுதான் நடக்கும்.

ஒரு சைகையை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். முகவாயை லேசாக மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, ‘த்ச்’ என்று நாக்கைத் தட்டினால், துருக்கியில் ‘இல்லை, வேண்டாம்’ என்று அர்த்தம். நம் ஊரில் முகவாயைத் தூக்கினால் ‘என்ன?’ என்று கேட்பதாகும்; ‘த்ச்சு’ கொட்டினால் பரிதாபப்படுவதாகும். ஆகவே, மறுக்கிறார் என்பது புரியாமல் நாம் சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கிவிடுவோம். அவர் முகவாய் உயர்ந்தால் உங்கள் கேமரா இறங்க வேண்டும். குழந்தைகளென்றால் பெற்றவர்களைக் கேட்டே ஆக வேண்டும். ராணுவ இடங்களைப் படமெடுப்பது சட்டப்படிக் குற்றம். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் படம் வேண்டாம். மற்ற நேரத்திலும் ஃபிளாஷ் கூடாது.

சில கணங்கள் கண்ணுக்கு மட்டும் உரியவை. புகழ்பெற்ற பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவரைப் படமெடுத்தார். 14-ஆம் தேதி இரவு மகரிஷி மறைந்த நேரத்தில், அருணாசல மலை உச்சியை நோக்கி ஓர் எரிநட்சத்திரம் மெதுவாகப் போனதைக் கண்டதாக அவர் சொல்லிவைத்திருக்கிறார். கணத்தைப் பிடிப்பதற்கே உலகில் பெயர் வாங்கியவர், கண்ணால் கண்டதைச் சொல்லாகவே விட்டுவைத்தார். எமினோனுவில் ஒரு ஜனாஸாத் தொழுகை முடிந்து, ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பெட்டியைச் சுமந்து போனபோது நானும் கேமராவை இறக்கிக்கொண்டேன். அந்தத் தோள்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

சாமான் விஷயம் சுருக்கமாக. மாற்று லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது சுமார் 74 வாட்-மணி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியை உடம்புச் சூடு படும்படி உள்சட்டைப் பையில் வையுங்கள். வெளிக்குளிரிலிருந்து சூடான டீக்கடைக்குள் நுழைந்தால் லென்ஸ் முழுக்கப் பனித்துவிடும். கேமராவைப் பையில் மூடியே அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். விமானத்தில் உட்கார்ந்ததும் கேமரா கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பி, துருக்கி நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். பின்னாளில் எந்தப் படம் எப்போது எடுத்தது என்று குழம்பாமல் இருக்கும். தினமும் இரவு இன்னொரு இடத்தில் நகல்.

நகல் ஏறும்போது ஒரு நோட்டில் எழுதுங்கள்: இடம், நேரம், யார், என்ன பேசினார். ஐந்து வரி போதும். கெய்ரெ படங்களோடு அது எந்த ஊர் என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால், தொல்லியல்காரர்கள் எங்கே போய்த் தோண்டியிருப்பார்கள்?

கடைசியாக, படத்தை அனுப்புகிறேன் என்று ஒருவரிடம் சொன்னால் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அந்த நிமிடமே முடிந்துவிடும். பெரியவர்களுக்குப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினால் அதன் மதிப்பே தனி. பாலத்துப் பெரியவர் தன் வீட்டு முகவரியைத் தரவில்லை. வழக்கமாக உட்காரும் டீக்கடையின் முகவரியைத் தந்தார். முகவரியை நீங்கள் காதால் கேட்டு எழுதாதீர்கள். நோட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். துருக்கி எழுத்தில் புள்ளி வைத்த ‘ஐ’ வேறு, புள்ளி இல்லாத ‘ஐ’ வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஒலி. புள்ளி வைத்தால் ‘க்’, வைக்காவிட்டால் ‘க’ என்று படித்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். அவர் எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.